மெமரி மறுத்த கணினி

"சபாபதி சார் பேட்ச்சைச் சோதிக்கிறது, சாமிக்கே பரீட்சை வைக்கிற மாதிரி" என்று மென்பொருள் நிறுவனத்தின் லிஃப்டில் யாரோ சொன்னது பயிற்சிக்கு வந்த பூங்கோதையின் காதில் விழுந்தது.

தலைமைப் பொறியாளர் சபாபதி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குத் தான் எழுதிய பேட்ச்சை, அதாவது திருத்த நிரலை, அவளிடம் தந்தார். "மூவாயிரம் தடவை ஓடியிருக்கு. சரின்னு கையெழுத்துப் போடும்மா. தப்புன்னா மதியத்துக்குள்ள காட்டு. காட்டலேன்னா நாளைக்கு வர வேண்டாம்."

பேட்ச் தன் வேலைக்கு மெமரியில் இடம் கேட்கும்போது கணினி ஒருமுறை மறுக்கும்படி பூங்கோதை அமைத்தாள். கிடைக்காத மெமரியைக் கிடைத்ததாக எண்ணி பேட்ச் அதில் எழுதப் போக, கணினி அப்படியே நின்றது.

"என்னம்மா செஞ்சே?"

"உங்க பேட்ச் கேட்டு யாரும் இல்லைன்னு சொன்னதே இல்ல போல, சார். நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்."

சபாபதி நாற்காலியை இழுத்துப் போட்டு, மெமரி கிடைத்ததா என்று பார்க்கும், விட்டுப்போன சரிபார்ப்பை எழுதினார். பேட்ச்சின் அடியில், 'பிழை கண்டவர்' என்ற வரியில் அவள் பெயரைத் தட்டினார்.