கீறல் படாத கார்

சிதம்பரநாதன் முப்பத்தோரு வருஷம் நூலில் குறை கண்டுபிடித்தவர். கோவைப் பஞ்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தார். ஓய்வு பெற்ற மறு மாதமே சுகந்தியிடம் வந்து சேர்ந்தார். அவருக்கு அறுபது வயது. சுகந்திக்கு முப்பத்தைந்து.

சுகந்தி பந்தயக் கார்களுக்கு மெக்கானிக்காக இருந்தவள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கிறவர்கள், வாங்குவதற்கு முன்னால் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் போய்ப் பார்த்து, வண்டியில் இருப்பதை எழுதிக் கொடுப்பாள். அதுதான் அவளுடைய தொழில்.

"எனக்கு இதைச் சொல்லிக் குடு அம்மிணி" என்று அவர் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. "பையைத் தூக்கிட்டு வாங்க சார்" என்றாள்.

இரண்டு வருஷம் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் அதிகம் பேசமாட்டாள். பானட்டைத் திறந்து ஒரு போல்ட்டைத் தொட்டுக் காட்டுவாள். அதன் தலையில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கும். கண்ணாடியின் மூலையில் விரலை வைப்பாள். அங்கே அது எந்த வருஷத்துக் கண்ணாடி என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். அவர் நோட்டில் குறித்துக்கொள்வார்.

ஒரு ஆடி மாதம், கோத்தகிரிக்கு ஒரு காரைப் பார்க்கப் போனார்கள். சுகந்திதான் வேனை ஓட்டினாள். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் சிதம்பரநாதன் கேட்டார்.

"எப்பத்தான் அம்மிணி நான் தனியா ஒரு வண்டியைப் பாக்கறது?"

"இன்னிக்கே பாருங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு அவர் வழியெல்லாம் நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தார்.

தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. ரோசலின் என்ற அம்மாள் கதவைத் திறந்தார். அறுபத்திரண்டு வயது, குள்ளமான உருவம், ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையை இழுத்துச் சொருகியிருந்தார். அவருடைய கணவர் ஜெயசீலன் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இன்ஜினியராக இருந்தவர். இறந்து எட்டு மாதம் ஆகிறது. மகன் வெளிநாட்டில். தனக்கு இப்போது முழங்கால் வலி, இனி இந்த வண்டியை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது என்றார்.

ஷெட்டில் உறையை விலக்கியதும் சிதம்பரநாதன் ஒரு நொடி மூச்சை நிறுத்தினார். இரண்டே இருக்கை. மடக்கி வைக்கும் கூரை. கரும்பச்சை நிறம். இருபத்தேழு வயதுக் கார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ஒரு கீறல்கூடப் படாத வண்டி" என்றார் ரோசலின். "எங்க வீட்டுக்காரர் எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்வாரு."

சுகந்தி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

சிதம்பரநாதன் வேலையைத் தொடங்கினார். டயர்களின் வயதைப் பார்த்தார். தரையில் பழைய சாக்கை விரித்துப் படுத்து அடிப்பாகத்தை டார்ச்சால் பார்த்தார். கதவு, பானட், டிக்கி என்று ஒவ்வோர் இடமாக, பெயிண்டின் கனத்தை அளக்கும் மீட்டரை வைத்தார். எண்கள் சரியாக வந்தன. இடப்பக்க முன் மட்கார்டில் வைத்தபோது எண் நாலு மடங்காக ஏறியது.

பக்கத்தில் வைத்தார். அங்கும் அப்படியே.

பானட்டைத் திறந்து உள்ளே குனிந்தார். கம்பெனியில் வைத்த வெல்டு என்றால் புள்ளிகள் ஒரே சீராக இருக்கும். வலப்பக்கம் அப்படித்தான் இருந்தது. இடப்பக்கம் கையால் வைத்த வெல்டு. நேர்த்தியான வேலை, ஆனால் கை வேலை. முன் கண்ணாடி மற்றக் கண்ணாடிகளைவிட மூன்று வருஷம் இளையது.

அவர் நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. நல்ல நூல்கண்டில் ஒரு முடிச்சைப் பிடித்தால் மில்லில் அவருக்கு வரும் முகம் அது.

"இது அடிபட்ட வண்டிங்க" என்றார்.

ரோசலின் முந்தானையை இன்னும் இழுத்துச் சொருகினார்.

"சின்ன அடி இல்லீங்க. இடப்பக்க முன்பாகமே போய், புதுசா வச்சிருக்காங்க. இங்க வாங்க, காட்டறேன். உங்க வீட்டுக்காரர் உங்களை ஏமாத்தியிருக்காருங்க. கீறலே படலைன்னு உங்களை நம்ப வச்சிருக்காரு."

ரோசலின் வெல்டு இருந்த இடத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார். பிறகு திரும்பி வீட்டுக்குள் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சிதம்பரநாதன் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் தப்பாச் சொல்லிட்டனா அம்மிணி?"

"வெல்டு சரிதானுங்க."

"அப்பறம்?"

சுகந்தி வீட்டுக் கதவைப் பார்த்தாள். தோட்டத்துப் பக்கமிருந்து மஞ்சு மூட்டம் இறங்கி ஷெட்டுக்குள் வந்தது. அவர் எழுத வேண்டியதை எழுதினார். மொத்தம் பத்தொன்பது குறை. பதினாலாவது: ஓட்டுநர் சீட் முன்னால் தள்ளிய நிலையில் துருப்பிடித்து இறுகிவிட்டது, நகரவில்லை. பதினைந்தாவது: இடப்பக்கக் கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஓட்டை, காரணம் தெரியவில்லை.

கதவு திறந்தது. ரோசலின் மூன்று டம்ளரில் டீ கொண்டு வந்தார். தட்டை பானட் மேல் வைக்கப் போய், வேண்டாமென்று சுவரோரம் இருந்த பெஞ்சில் வைத்தார்.

"என்னை அவர் ஏமாத்தலைங்க" என்றார். "வண்டியை மோதினதே நான்தான்."

அவரே தொடர்ந்தார்.

"வண்டியை செகண்ட் ஹேண்டா வாங்கி ரெண்டு மாசம். நானும் ஒருதரம் ஓட்டிப் பாக்கறேன்னு கெஞ்சினேன். கட்டபெட்டு தாண்டி ஒரு வளைவு. மஞ்சு. சுவர் இருந்ததே தெரியல. எனக்கு ஒண்ணும் ஆகல. அவருக்கு இடது கால் மூணு இடத்துல உடைஞ்சுது. அப்பறம் அந்தக் கால் மடங்கவே இல்ல."

"ஆண்டவா" என்றார் சிதம்பரநாதன், மெதுவாக.

"அப்ப என் மாமியார் எங்ககூட இருந்தாங்க. ஒரே பையன். ஆஸ்பத்திரியில கண் முழிச்சதும் அவர் முதல்ல கேட்டது, அம்மாகிட்ட நீ என்ன சொன்னேன்னுதான். இன்னும் சொல்லலைன்னேன். ஃபேக்டரி படியில வழுக்கி விழுந்தேன்னு அவரே அவங்ககிட்ட சொல்லிட்டாரு. வண்டியைத் தார்பாயால மூடி லாரில கோயமுத்தூர் அனுப்பினாங்க. ஆறு மாசம் கழிச்சு வந்துது. யாராவது கேட்டா, கீறல்கூடப் படாத வண்டிம்பாரு. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அதையேதான் சொன்னாரு. கேட்டுக் கேட்டு எனக்கும் வாய்ல அதுதான் வருது. உங்ககிட்ட அதைச் சொன்னது தப்புதான்."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எழுதிக்குங்க" என்றார் ரோசலின். "வாங்கறவங்களுக்குத் தெரியணும்ல. இது அடிபட்ட வண்டிதான்."

சிதம்பரநாதன் அதை ஏற்கெனவே எழுதியிருந்தார். நோட்டைப் பிடித்தபடி சுகந்தியைப் பார்த்தார்.

சுகந்தி நாற்காலியிலிருந்து எழுந்தாள். "அம்மா, வண்டி ஓடறதை இன்னும் பாக்கலீங்க. நீங்க ஓட்டுங்க. சார் பக்கத்துல உக்காந்துக்கட்டும்."

"முட்டி வலிக்குது. கொஞ்ச தூரம்தான் முடியும்."

"கொஞ்ச தூரம் போதுமுங்க."

சிதம்பரநாதன் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார். உயரமானவர். முழங்காலை மடக்க இடமில்லாமல் காலை நீட்டிக்கொண்டார். ரோசலின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இறுகிப்போன அந்த இருக்கை அவருக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. பாதம் பெடலில் சரியாகப் போய்ப் படிந்தது.

முதல் முயற்சியிலேயே இன்ஜின் பிடித்தது. சீரான சத்தம். கேட்டைத் தாண்டியதும் சாலை வளைந்து இறங்கியது.

"இடது" என்றார் ரோசலின்.

வண்டி இடப்பக்கம் வளைந்தது.

"என்னங்க?" என்றார் சிதம்பரநாதன்.

"ஒண்ணுமில்லையே" என்றார் ரோசலின். கண் சாலையிலேயே இருந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் மறுபடியும், உதட்டுக்குள், "வலது" என்றார்.

சிதம்பரநாதன் கவனிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வளைவுக்கும் சற்று முன்னால் அந்த அம்மாளிடமிருந்து அந்தச் சொல் வந்தது. தான் சொல்வது ரோசலினுக்கே தெரியவில்லை. மடங்காத காலோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, உடம்பைத் தயார் பண்ணிக்கொள்ளத் தேவையான நேரம் விட்டுச் சொன்னார்.

சிதம்பரநாதன் கீழே பார்த்தார். தன் காலுக்குப் பக்கத்தில் கார்பெட்டில் அந்த ஓட்டை இருந்தது. கைத்தடியின் நுனி ஊன்றி ஊன்றித் தேய்ந்த ஓட்டை.

"அவரால கிளட்ச் மிதிக்க முடியாது இல்லீங்களா?" என்று கேட்டார்.

"எப்படிங்க முடியும், இடது காலாச்சே. கோயமுத்தூர்லேருந்து வண்டி வந்த அன்னிக்கே சாவியை என் கைல குடுத்துட்டாரு. மாட்டேன்னு அழுதேன். ஏறி உக்காந்துட்டாரு. நீ ஓட்டற வரைக்கும் நான் எறங்க மாட்டேன்னுட்டாரு." கியரை மாற்றிவிட்டுச் சொன்னார்: "ஒன்றரை மணி நேரம் உக்காந்திருந்தாரு. மழை வேற."

"அப்பறம்?"

"ஓட்டினேன்."

ஒரு சமதளத்தில் சாலை நேராக ஓடியது. ரோசலின் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் லேசாக எடுத்தார். கார் இம்மியும் விலகவில்லை.

திரும்பி வந்தபோது சுகந்தி ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சிதம்பரநாதன் இறங்கினார். சுற்றி வந்து ரோசலின் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்கம்மா" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரோசலின். இருக்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். "இத்தனை வருஷத்துல இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. என் பையனுக்கே தெரியாது."

கார் உறையை மூவருமாகப் போர்த்தினார்கள்.

வேனில் ஏறியதும் சிதம்பரநாதன் நோட்டைத் திறந்தார். பதினாலு, பதினைந்து இரண்டையும் படித்துப் பார்த்தார். அடித்துவிடப் போனார். சுகந்தி அவர் கையைப் பார்த்து, "சீட்டு இறுகியிருக்கறது நெசம்தானுங்களே" என்றாள். அவர் பேனாவை மூடினார்.

பாதி மலை இறங்கியதும் போன் வந்தது. காரை வாங்க விரும்பும் ஈரோட்டுப் பல் டாக்டர். காலையிலிருந்து அது அவருடைய மூன்றாவது அழைப்பு. சுகந்தி வேனை ஓரம்கட்டினாள். சிதம்பரநாதன் பேசினார்.

"அடிபட்ட வண்டிங்க டாக்டர். இடப்பக்க முன்பாகம். ஆமாங்க, பெரிய அடி. இருபத்திநாலு வருஷம் முந்தி... நல்லாச் செஞ்சிருக்காங்க. நேராப் போகுதுங்க, கையை விட்டாலும் இழுக்கல. அப்பறமும் நல்லாப் பாத்துக்கிட்டிருக்காங்க. ஓட்டாம நிறுத்தி வைக்கல... எழுத்துலயும் தர்றேன். பத்தொன்பது இருக்குது, எல்லாத்தையும் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க."

எதிர்முனையில் டாக்டர், அடியை மறைக்காமல் சொன்னது நல்லது என்றார். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னார். பிறகு சாதாரணமாக ஒன்று கேட்டார்.

சிதம்பரநாதன் போனைக் கையால் மூடிக்கொண்டு சுகந்தியின் பக்கம் திரும்பினார்.

"யார் ஓட்டிக் கொண்டுபோய் மோதினாங்கன்னு கேக்கறாரு அம்மிணி. என்ன சொல்றது?"

சுகந்தி கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்ஸைப் பார்த்தாள். அது கடந்து போகும் வரை காத்திருந்து, கியரைப் போட்டாள்.

"வண்டிதானுங்க விக்கிறது. அது விக்கிறதுக்கு இல்லீங்க சார்."