எவ்தோக்கியாவின் சொல்லாத வருடங்கள்

"பொய்யெண்டு எனக்குத் தெரியும், தாயே. ஆனால் நான் இதுவரை எழுதினதிலையே வடிவான அத்தியாயம் அதுதான். வைக்கிறதோ, எடுக்கிறதோ?"

கேட்டவர் குகதாசன்.

இளம் வயதில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பியவர். கடைசியில் கிரேக்க நாட்டில் குடியேறினார். பயணங்களைப் பற்றி எழுதினார். புதைந்துபோன நகரங்களைப் பற்றி எழுதினார். அந்த நகரங்களைத் தேடிக் கண்டுபிடித்த அறிஞர்களின் வாழ்க்கையை எழுதியபோதுதான் பேர் வந்தது.

மனம் குழம்பினால் விமானம் ஏறி இந்த மலையடிவாரத்து மடத்துக்கு வந்துவிடுவார். மடத்தின் வெள்ளையம்மைத் தாயார் அவரைவிட மிகவும் இளையவர். குகதாசன் அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரைப் பத்தின அத்தியாயம்?"

"எவ்தோக்கியா எண்டு ஒரு அம்மா. கடலுக்குள்ளை மூழ்கின துறைமுகம் ஒண்டைக் கண்டுபிடிச்சவ. செத்துக் கனகாலம். அவவின்ரை வாழ்க்கையிலை, நடுவிலை சில வருசம் ஆளைக் காணேல்லை. எங்கை போனா, என்ன செய்தா, ஒருதருக்கும் தெரியாது."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"ஒரு காதல். ஒரு சாவு. பிறகு ஒரு தீவிலை தனிமை. பதிப்பாளர் வாசிச்சு அழுதவராம். அதுதான் புத்தகத்தின்ரை உயிர் எண்டார்."

"வாசிங்க."

வாசித்தார். தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு."

கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பூசை முடிந்து பந்தி. வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். தாயாரே ரசம் பரிமாறினார். குகதாசன் இலைக்கு வந்ததும் நின்றார்.

"இவர் பெரிய எழுத்தாளர். ஊரை விட்டுப் போன புதுசுல இவருக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?"

குகதாசன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அந்த வருடங்களைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

"கப்பல்ல எடுபிடி வேலை பார்த்தார். ஒரு துறைமுகத்துல பூ விக்கிற பொண்ணு. இவர் பேசுறது அவளுக்குப் புரியாது, அவ பேசுறது இவருக்குப் புரியாது. ஆனா மனசு ஒத்துப்போச்சு. கல்யாணத்துக்கு நாள் குறிச்ச வாரம், காய்ச்சல்ல போயிட்டா. அந்தத் துக்கத்தைத்தான் ஊர் ஊரா எழுதிக்கிட்டுத் திரியறார்."

பந்தியில் விசும்பல் கேட்டது. பக்கத்து இலையிலிருந்த அம்மாள் அவர் தோளைத் தொட்டார். "எப்படிய்யா தாங்கினீங்க?"

குகதாசன் இலையை விட்டு எழுந்துவிட்டார்.

"பொய்! முழுப் பொய்! எனக்கு அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை!"

"நல்லா இருக்குல்ல?" என்றார் தாயார்.

"நல்லா இருந்தாப் போதுமோ? அது என்ரை வாழ்க்கை!"

"நிஜமா என்ன நடந்துச்சு, சொல்லுங்க. திருத்திக்கிறேன்."

அவர் குரல் இறங்கியது.

"அதை நான் ஒருதருக்கும் சொல்லுறேல்லை."

"ஏன்?"

"அது என்ரை..."

பாதியில் நின்றார்.

பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை, பந்தி முழுக்க அவரையே பார்க்க, வாய்விட்டுச் சிரித்தார்.

"உக்காருங்க. ரசம் ஆறுது."

அன்றைக்கே குகதாசன் பதிப்பாளருக்குப் போன் போட்டார். அந்த அத்தியாயம் இல்லை என்றார். அப்படியானால் புத்தகமும் இல்லை என்றார் பதிப்பாளர். குகதாசன் வாதாடவில்லை. ஏதென்ஸில் பேர் தெரியாத ஒரு சிறு பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது.

எவ்தோக்கியா பிறந்த ஊரில் வெளியீட்டு விழா. மண்டபம் நிரம்பி, ஆட்கள் படிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். பழைய அத்தியாயத்துக்குப் பதிலாக எழுதிய பக்கத்தைக் குகதாசன் வாசித்தார்.

"இங்கிருந்து சில ஆண்டுகள் எவ்தோக்கியாவைக் காணவில்லை. அந்த ஆண்டுகள் அவருடையவை."

அவ்வளவுதான் அந்த அத்தியாயம்.

யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு கிழவி தடியூன்றி மேடை ஏறினார். எவ்தோக்கியாவின் தங்கை மகள்.

"என் பெரியம்மா அப்போது எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லட்டுமா?"

குகதாசன் எத்தனை வருடம் அலைந்து தேடிய பதில் அது!

"யாரிடமாவது சொல்லச் சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லை. சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்."

"அப்படியென்றால் வேண்டாம், அம்மா."

கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். தடியைக் கீழே போட்டார். குகதாசனின் கையைப் பற்றி, மல்யுத்தத்தில் ஜெயித்தவன் கையைத் தூக்குவதுபோல், மண்டபம் முழுக்கப் பார்க்கும்படி உயரத் தூக்கினார்.