மந்திரியாரின் கையெழுத்துச் சட்டம்

மாங்குள நாட்டு மந்திரி விழுப்பரையருக்கு நீதி நியாயத்தில் அபார அக்கறை. அதிலும் தன் மைத்துனர் நம்பாண்டி தேர்தலில் நின்றுவிட்டால் அந்த அக்கறை பொங்கி வழியும்.

போட்டி ஏரி வாரியத் தலைவர் பதவிக்கு. மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் இஷ்டம். நம்பாண்டி தலைவராக இருந்தவரை தண்ணீர் மேல்கரைக்கு, அதாவது அவர் வயலுக்கு, ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. கீழ்க்கரை காய்ந்து கிடந்தது. கீழ்க்கரை ஆண்களில் பாதிப்பேர் எல்லைக் காவலில் இருக்கும் வீரர்கள். ஊரில் இல்லாத அவர்கள் வாக்கோலையைச் சுருட்டி, மேலே உறை ஓலை சுற்றி, அதில் கையெழுத்துப் போட்டு, படைத்தலைவர் முத்திரையோடு அனுப்புவார்கள். சபையில் உறையைப் பிரித்து உள்ளே இருப்பதைக் குடத்தில் போடுவது வழக்கம்.

இந்தமுறை வீரர்கள் எதிர்ப்பக்கம் நிற்கும் சாத்தன் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள மந்திரிக்கு ஜோசியம் தேவைப்படவில்லை. உடனே ஒரு சட்டம் போட்டார். படையில் சேர்ந்த அன்று அரண்மனையில் போட்ட கையெழுத்தும் உறைமேல் இருக்கும் கையெழுத்தும் இம்மி பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் போலி. போலி ஓலை அடுப்புக்கு.

எண்ணும் நாள் வந்தது. மந்திரி எழுத்தை அளக்க நூலும் கையுமாகச் சபையில் உட்கார்ந்தார்.

"சுழி பெரிசு. தள்ளு!"

"கொம்பு சாய்ந்திருக்கிறது. தள்ளு!"

தள்ளிய ஓலைகள் குவியக் குவிய, நம்பாண்டி முகத்தில் கல்யாணக் களை வந்தது.

கூட்டத்திலிருந்து சிறுதேவி என்பவள் ஓடிவந்தாள். "சாமி, அது எம் புருஷன் கையெழுத்துதான்! எல்லையில எழுத்தாணி ஏது? குதிரை மேல இருந்தபடியே அம்பு முனையால கீறியிருப்பாரு. இந்த வருஷமும் தண்ணி வரலைன்னா பயிர் கருகிப்போகும். புள்ளைங்களுக்கு என்னத்தைப் போடுவேன்?"

"சட்டத்துக்குக் குதிரையும் தெரியாது, அம்பும் தெரியாதம்மா," என்றார் மந்திரி, மிகுந்த கருணையோடு.

சபையில் வீற்றிருந்த அரசர் வல்லபதேவர் தாடையைச் சொறிந்தார். சங்கடமான நேரங்களில் அவர் செய்யும் ராஜகாரியம் அதுதான்.

அப்போது கூத்தபிரான் எழுந்தார். அவர் அரசரின் ஆலோசகர்; மந்திரியைக் கேட்டால் வெறும் வாயாடி.

"ஆஹா, அருமையான சட்டம்! என்னிடமும் ஓர் ஓலை இருக்கிறது. இதுவும் வெளியூரில் இருந்தவர் போட்ட கையெழுத்து. மந்திரியார்தான் பார்த்துச் சொல்லவேண்டும்." மேல்பாதியை மடித்துப் பிடித்துக்கொண்டு கீழே இருந்த கிறுக்கலை மட்டும் காட்டினார்.

மந்திரி நூலைக்கூட எடுக்கவில்லை. "இதை அளக்கவேறு வேண்டுமா? கோழி கிளறியதுபோல் இருக்கிறது. பச்சைப் போலி! போட்டவனுக்கு எழுத்தே தெரியாது!"

கூத்தபிரான் மடிப்பைப் பிரித்து உரக்கப் படித்தார். "விழுப்பரையரை நம் மந்திரியாக நியமிக்கிறோம். இப்படிக்கு, தீர்த்த யாத்திரையிலிருந்து, வல்லபதேவன்."

"எழுத்தே தெரியாதா எனக்கு?" என்றார் அரசர்.

மந்திரி சட்டென்று எழுந்து கைகூப்பினார். "பிரபு! அன்று... ஆற்றில் வெள்ளம்! படகு ஆடியது! தங்கள் திருக்கரமும் கொஞ்சம்..."

"படகில் ஆடும் கை குதிரைமேல் ஆடாதோ?" என்றார் கூத்தபிரான்.

"இந்தச் சட்டம் வீரர்களுக்கு மட்டும்தான்!"

"ஓகோ, ராஜாவின் கை ஆடலாம், ராஜாவுக்காகச் சண்டை போடுகிறவன் கை ஆடக்கூடாது! சரி, நீங்களே முடிவு செய்யுங்கள். உங்கள் சட்டம் செல்லும் என்றால் இந்த நியமன ஓலை போலி, நீங்கள் மந்திரியே இல்லை. மந்திரி இல்லாதவர் போட்ட சட்டம் எப்படிச் செல்லும்? சட்டம் செல்லாது என்றால் நீங்கள் மந்திரி. வீரர்கள் ஓலையெல்லாம் குடத்துக்குள் போகும். எது வேண்டும்?"

மந்திரி மைத்துனரைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த ஆசனத்தைப் பார்த்தார். பிறகு தள்ளிவைத்த ஓலை ஒன்றைக் கையில் எடுத்தார். "இப்போது வெளிச்சத்தில் பார்த்தால்... கொம்பு நன்றாகத்தான் இருக்கிறது."

சபை சிரிப்பில் அதிர்ந்தது. ஓலைகள் குடத்துக்குள் விழுந்தன. சாத்தன் வென்றார். அன்று மாலையே கீழ்க்கரை மதகு திறந்தது. சிறுதேவி வாய்க்காலில் இறங்கி நின்று அழுதாள், சிரித்தாள்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கூத்தபிரானே, உமக்கு ஒரு வேலி நிலம்! நாளை வேட்டைக்குப் போகிறேன். போகிற வழியில் கையெழுத்துப் போட்டு ஓலையை அனுப்பிவைக்கிறேன்."

கூத்தபிரான் பதறிப்போய்க் கும்பிட்டார்.

"ஐயையோ, வேண்டாம் பிரபு! இங்கேயே, ஆடாத பலகைமேல் வைத்து, மந்திரியார் கண்ணெதிரில் போட்டுவிடுங்கள்!"