கரிக்குள் ஓர் இடம்

"மேடம், இந்தக் கரிக்கு நெஞ்சில ஈரமே இல்லை!"

சவரிமுத்து, வெடித்த கண்ணாடிக் குழாயின் சில்லுகளை மேசையில் கொட்டினார். மங்கையர்க்கரசி நிமிர்ந்து பார்த்தார். ஆசிரியை அவர்தான், ஆராய்ச்சி மாணவரான சவரிமுத்துவைவிடப் பத்து வயது இளையவர்.

பென்சில் கரி இருக்கிறதே, கிராஃபைட், அது தாள்தாளாக அடுக்கிய பொருள். அந்தத் தாள்களுக்கு நடுவே பென்சீன் என்ற திரவத்தைப் புகுத்த வேண்டும். பதினாலு மாதமாக மனிதர் முட்டி மோதுகிறார். இந்த மாதக் கடைசிக்குள் புகாவிட்டால் முனைவர் பட்டம் கிடையாது. பழையபடி பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளராகப் பிப்பெட் எடுத்துக் கொடுக்கப் போக வேண்டியதுதான்.

"சூடு காட்டினேன். அழுத்தம் கொடுத்தேன். குழாய்தான் வெடிக்குது, அது அசைய மாட்டேங்குது."

"நீங்க இந்த லேபுக்கு வந்த அன்னிக்கு யார் சார் இடம் விட்டாங்க?"

"இப்ப எதுக்கு மேடம் அது?"

"சொல்லுங்க."

"ஒருத்தரும் விடலை. நாற்பத்தாறு வயசு ஆளைப் பார்த்து முறைச்சாங்க. மூணு மாசமாச் செத்துக் கிடந்த வாக்குவம் பம்பைப் பிரிச்சு, ஓட வெச்சுக் கொடுத்தேன். அப்புறம்தான் ஸ்டூலை நகர்த்தினாங்க."

மங்கையர்க்கரசி, எண்ணெயில் பொட்டாசியத் துண்டுகள் கிடந்த பாட்டிலை அவர் பக்கம் தள்ளினார்.

"உலோகமா! கரி சுத்தமா இருக்கணும்னு இத்தனை நாள் அண்டவிடாம வெச்சிருந்தேனே!"

மங்கையர்க்கரசி மேசையிலிருந்த கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளத் தொடங்கினார்.

பாட்டிலோடு முனகிக்கொண்டே போன சவரிமுத்து வாசலில் நின்றுவிட்டார். பொட்டாசியத்திடம் ஓர் எலக்ட்ரான் உண்டு. யாராவது வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று அலையும். கரிக்கு அதைக் கொடுத்தால் தாள்கள் விலகி இடம் விடுமே! அட மடையா! பென்சீன் வெறுங்கையோடு அல்லவா போய்க் கதவை இடித்துக்கொண்டிருந்தது?

பொட்டாசிய ஆவியை உள்ளே விட்டார். இரண்டாம் நாள் கறுப்பு நீலமாயிற்று. தாள்கள் விலகிவிட்டன. மறுநாள் காலையில் பென்சீன் ஆவியைத் திறந்தார். சூடும் இல்லை, அழுத்தமும் இல்லை. கரி பார்க்கப் பார்க்கத் தடித்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால், திறந்துகொண்ட இடைவெளி வெறும் கரியில் இருந்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு!

"மேடம்! உள்ளே போயிடுச்சு! சும்மா ஜம்முனு போயிடுச்சு!"

எக்ஸ்ரே முடிவு அச்சிட்ட தாளை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். செருப்பு ஒன்று வராந்தாவிலேயே கழன்றுவிட்டது. சந்தோஷத்தில் கண்ணெல்லாம் தண்ணீர்.

மங்கையர்க்கரசி தாளைக் கையில் வாங்கவில்லை. எழுந்து, தன் நாற்காலியை ஒரு பக்கமாக நகர்த்தி, அதன் அருகே இன்னொன்றை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க, டாக்டர்."