தேரை நிறுத்திய வழக்கம்

செவந்தான் தன் மனைவி உலகாயியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு தேரோட்டத்து நாள் காலையில். கயிற்றுக் கட்டிலோடு அவளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். தெரு முனை திரும்பும்போது அவள் தலையைத் தூக்கினாள். "கோழியைப் புடிச்சு அடைச்சிடுய்யா, கூட்டத்துல மிதிபட்டுடும்" என்றாள். அவ்வளவுதான்.

இது ராஜாக்கள் குதிரையேறி நாடு பார்த்த காலத்தில் நடந்தது. பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். கேட்டுக் கோபம் வந்தால் நல்லது. வராவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள்.

வேங்கைநல்லூர் என்று ஒரு ஊர். ஊர் நடுவில் ஒரு சிவன் கோயில். பங்குனியில் கொடியேறினால் ஒன்பதாம் நாள் தேர். நான்கு வீதியும் சுற்றித் தேர் நிலைக்கு வந்து சேரும்வரை ஊருக்கு வேறு நினைப்பு கிடையாது.

அந்தத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் செவந்தான். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுப்பார்கள். ஆனால் உருண்டு வருகிற சக்கரத்தின் கீழே கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்புகிறவனும் நிறுத்துகிறவனும் அவன்தான். அதனால் வடக்கு வீதியில் அவனுக்கு ஒரு கூரை வீடு விட்டிருந்தார்கள். அந்த வீட்டில் அவனும் உலகாயியும்தான். பிள்ளை இல்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. தேர் ஓடுகிற வீதியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், உடலை எடுத்துக் காரியம் முடிகிறவரை சாமி புறப்படாது. மேளம் வாசிக்கமாட்டார்கள். மணி அடிக்கமாட்டார்கள். மாளிகை வீட்டுச் சாவானாலும் கூரை வீட்டுச் சாவானாலும் இதே வழக்கம்தான்.

அந்த வருஷம் அரசன் தேர் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ஊர் நாட்டாண்மைக்காரர் வாரணவாசிக்கு, அரசன் கையாலேயே பரிவட்டம் கட்டுவதாகப் பேச்சு. பட்டுத் துணியைத் தலையில் கட்டி முதல் மரியாதை செய்வது. அவருடைய அப்பனுக்குக் கிடைக்காதது, பாட்டனுக்கும் கிடைக்காதது. வாரணவாசிக்குப் பத்து நாளாகத் தூக்கமில்லை.

அதே பத்து நாளாக உலகாயிக்கும் தூக்கமில்லை. அவளுக்கு மூச்சிரைப்பு. கொடியேறியதிலிருந்து கஞ்சி இறங்கவில்லை.

தேரன்று பொழுது விடிந்ததும் தலையாரி வந்தான். வாசலில் நின்றபடியே, "இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

பிறகு குருக்கள் வந்தார். "இன்னும் இருக்காளா?" என்று கேட்டார்.

மூன்றாவதாக வாரணவாசியே வந்தார். அவர் கேட்டதும் அதேதான். மூன்று பேரில் ஒருவராவது, தண்ணீர் குடித்தாளா என்று கேட்கவில்லை.

"செவந்தா, ஆத்தங்கரையில ஒரு வைத்தியர் வந்து தங்கியிருக்காரு" என்றார் வாரணவாசி. "போற உயிரையே புடிச்சு நிறுத்துறாராம். என் ஆளுங்க கட்டிலோட தூக்கிட்டுப் போவாங்க."

"நானும் கூடப் போறேங்க."

"நீ போயிட்டா கட்டை யாரு போடுறது? நான் குனிஞ்சு போடவா, இந்தத் தொந்தியை வச்சுக்கிட்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். உலகாயிக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. இருமி ஓய்ந்ததும் அவள், "நீ போய்த் தேரைப் பாருய்யா. மருந்து கசந்தா அந்த வைத்தியர் மேலயே துப்பிட்டு வந்துடறேன்" என்றாள்.

இப்படித்தான் அவள் வீட்டை விட்டுப் போனாள்.

ஆற்றங்கரையில் வைத்தியர் எவரும் இல்லை. ஊர் எல்லைக்கு அப்பால் ஓர் இலுப்பை மரம்தான் இருந்தது. சாகிறவள் எல்லைக்கு வெளியே சாகட்டும், அங்கே விழுகிற சாவுக்குத் தேர் நிற்க வேண்டியதில்லை. இதுதான் அவர்கள் யோசனை. இதை யோசித்தபோது அவர்கள் எல்லோரும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்கள்.

அரசன் வந்தான். வாரணவாசியின் தலையில் தன் கையால் பரிவட்டம் கட்டினான். வெடி போட்டார்கள். தேர் அசைந்தது. கிழக்கு வீதி போயிற்று, தெற்கு வீதி போயிற்று, மேற்கு வீதி போயிற்று. வடக்கு வீதிக்குத் திரும்ப வேண்டிய முனையில், இழுத்தவர்கள் பானகம் குடிக்கத் தேரை நிறுத்தினார்கள்.

பானகப் பந்தலில் கொளஞ்சி நின்றான். காலையில் கட்டிலின் முன்கால் பக்கம் தூக்கியவன் அவன்.

"என்ன கொளஞ்சி, அதுக்குள்ள வந்துட்டே? வைத்தியர் என்ன சொன்னாரு?" என்று கேட்டான் செவந்தான்.

"எந்த வைத்தியரு?" என்றான் கொளஞ்சி. சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என் பொண்டாட்டி எங்கடா?"

"இலுப்பை மரத்தடியில நெழலாத்தான் வச்சிருக்கோம்ணே. நாட்டாண்மை சொன்னாரு, செஞ்சோம். வருசத்துல ஒரு நாளுதான் தேரு. நாங்களும் பாக்க வேண்டாமா?"

செவந்தான் அவனை அடிக்கவில்லை. கையிலிருந்த கட்டையைச் சக்கரத்தின் கீழே வைத்து ஒரே அறையாக அறைந்துவிட்டு ஓடினான்.

மரத்தடியில் கட்டில் இருந்தது. கட்டிலில் அவள் இல்லை. இறங்கி, ஊர்ப் பக்கமாகத் தவழ்ந்து வந்திருக்கிறாள். கொஞ்ச தூரம்தான் வர முடிந்திருக்கிறது. அங்கேயே முடிந்துபோயிருந்தாள். முழங்கையெல்லாம் மண்.

அவன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பினான். எல்லையில் தலையாரி கம்பை நீட்டி மறித்தான்.

"பொணத்தை ஊருக்குள்ள கொண்டாரக் கூடாது, செவந்தா."

"பொணமா? காலையில நோயாளின்னுதானே அனுப்பிச்சீங்க? வைத்தியர் பாத்துட்டாரு. நோயாளியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். கம்பை எடு."

தலையாரி கம்பை எடுத்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு யாராயிருந்தாலும் எடுத்திருப்பார்கள்.

செவந்தான் அவளை வீட்டுக்குள் கிடத்தினான். முழங்கை மண்ணைக் கழுவினான். தலைமாட்டில் விளக்கேற்றினான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அவள் தம்பி கலியனுக்கு ஆள் அனுப்பினான். பிறகு வாசலில் வந்து உட்கார்ந்தான்.

மேளம் நின்றது. வடம் தரையில் கிடந்தது. உயிர் எங்கே போயிருந்தாலும் உடல் கிடப்பது வடக்கு வீதி வீட்டில்; அது வடக்கு வீதிச் சாவுதான்.

வாரணவாசி ஓடி வந்தார். தலையில் பரிவட்டம் சரிந்திருந்தது. "செவந்தா, நடந்தது நடந்துபோச்சு. சட்டுனு எடுத்துடு. ராஜா வெயில்ல நிக்கிறாரு."

"மேல போடக் கோடித்துணி வரணுங்க."

"கோடிதானே? பட்டுலயே தர்றேன். இப்பவே எடு."

"பொறந்த வீட்டுக் கோடியைத்தான் மேல போடணும். அதுவும் வழக்கம்தானுங்களே. அவ தம்பி கொண்டாருவான்."

"அவன் அக்கரையில இருக்கான்! நாளைக்குத்தான் வந்து சேருவான்!"

"வரட்டும். இவ எங்கயும் போகமாட்டா. ஏற்கெனவே ஒரு தடவை அனுப்பிச்சாச்சு."

இதற்குள் அரசனே நடந்து வந்துவிட்டான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அரசன் கையை உயர்த்தி, ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"இவள் எங்கே இறந்தாள்?"

"எல்லைக்கு வெளியே, மகாராஜா" என்றார் வாரணவாசி.

"படுத்த படுக்கையாய்க் கிடந்தவள் அங்கே எப்படிப் போனாள்?"

வாரணவாசி குருக்களைப் பார்த்தார். குருக்கள் தலையாரியைப் பார்த்தார். கடைசியில் கொளஞ்சிதான், "நாங்க தூக்கிட்டுப் போனோம் சாமி" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினான்.

அரசன் குருக்கள் பக்கம் திரும்பினான். "வீதியில் சாவு விழுந்தால் சாமி புறப்படாது என்பது, சாமிக்கு இட்ட விதியா? சாகிறவளுக்கு இட்ட விதியா?"

"சாமிக்கு இட்டதுதான்" என்றார் குருக்கள்.

"அப்படியானால் சாமியை அல்லவா நில் என்று சொல்லியிருக்க வேண்டும்? இவளை ஏன் போ என்று சொன்னீர்கள்?"

ஒரு தெருவில் அழுகைச் சத்தம் கேட்டால் ஆண்டவனும் அந்த வீட்டுக்காகக் காத்திருக்கட்டும் என்று, இரக்கமுள்ள யாரோ முன்னோர் ஏற்படுத்தி வைத்த வழக்கம் அது. அதைத்தான் இவர்கள் தலைகீழாகத் திருப்பி, அழுகிற வீட்டின் மேல் தடியாக ஓங்கினார்கள்.

"நீங்க வர்றீங்கன்னுதான் மகாராஜா இத்தனையும்" என்றான் செவந்தான். குரலை உயர்த்தாமல் சொன்னான்.

அரசன் முகம் சிறுத்துப்போயிற்று. அவன் வாரணவாசியின் தலையிலிருந்த பரிவட்டத்தை அவிழ்த்தான். "இதை அவள் மேல் போர்த்து. இன்றைய முதல் மரியாதை அவளுக்கே" என்று நீட்டினான்.

செவந்தான் கை நீட்டவில்லை. "அந்தத் துணி வேண்டாங்க. அதுக்காகத்தான் அவளைத் தூக்கிட்டுப் போனாங்க."

நாட்டை ஆளுகிற அரசன், ஒரு முழம் பட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். தன் பெயரைச் சொல்லி ஊரில் என்ன நடக்கிறது என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். அவன் கேட்கவில்லை. அதனால் நிற்கட்டும்.

அன்று தேர் நகரவில்லை. சாமி தேரிலேயே இருந்தார். அரசன் ஊரிலேயே தங்கினான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் கலியன் வந்தான். காலெல்லாம் புழுதி. கக்கத்தில் ஒரு நூல் புடவை. அவ்வளவு கூட்டம் தனக்கு வழிவிடுவதைப் பார்த்து அவன் மிரண்டுபோனான்.

"ஏங்க, தேரு ஏன் இங்கனயே நிக்குது?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டான்.

"உனக்காகத்தாண்டா தம்பி நிக்குது, போ" என்றாள் அவள்.

கலியன் அக்காள் மேல் அந்த நூல் புடவையைப் போட்டான். உலகாயியை ஊர் பார்க்க, அவள் வீட்டிலிருந்து, மெதுவாக எடுத்துக்கொண்டு போனார்கள். காரியம் முடிந்து, வீதியைக் கழுவி விட்ட பிறகுதான் தேர் நிலைக்குப் போயிற்று. செவந்தான் அன்று கட்டை போடவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் போடவில்லை. அடுத்த பங்குனியில் குருக்கள் பரிவட்டத்தை எடுத்து வந்தபோது, கட்டிக்கொள்ள ஊரில் ஒருவரும் தலை நீட்டவில்லை.

துக்க வீட்டுக்காகச் சாமியையே நிற்க வைத்த வழக்கத்தைக் காட்டித் துக்க வீட்டை விரட்டுகிறவன், எத்தனை தேர் இழுத்தாலும் பக்தன் ஆகமாட்டான்.

ஒரு பகலும் ஓர் இரவும் பாரம் குறையாமல் தேர் நின்ற அந்த முனையில், சக்கரங்கள் அழுந்திய பள்ளங்கள் இன்றும் இருக்கின்றன.