ஆத்தாளுக்கு ஒரு கைத் தண்ணீர்

சரக்குக் கப்பலின் அடிவயிற்றில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவதே அய்யாவு அடியாருக்கு வாய்த்த தொழில். அனலில் நாக்கு வறண்டு குவளையை எடுத்தாலும், முதல் கைத் தண்ணீரைத் தரையில் விட்டு, "ஆத்தா, நீ குடி" என்பார். பிறகுதான் தமக்கு. நாகப்பட்டினத்துக் கழிக்கரை மாரியம்மனுக்குச் சிறு வயதில் கொடுத்த வாக்கு அது.

"மழையே குடுக்குறவளுக்கு உன் தண்ணிதான் கொறச்சலாக்கும்!" என்று மேஸ்திரி தாண்டவராயன் இளிப்பார். அடியார் சிரித்துக்கொண்டே கரி அள்ளப் போய்விடுவார்.

யுத்த காலம். நீர்மூழ்கிகள் திரிகிற கடல். ஒரு நாள் விடியலில் நீர்மூழ்கி விட்ட குண்டு கப்பலைப் பிளந்துவிட்டது. அத்தனை பெரிய கப்பல், ஐயோ, கண்ணெதிரே முழுகிப் போயிற்று! உயிர்காப்புப் படகில் தப்பிய சிலரில் அடியாரும் மேஸ்திரியும் இருந்தார்கள்.

படகில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சின்னக் குவளைத் தண்ணீர். அதிலும் அடியார் ஆத்தாள் பங்கைக் கடலில் விட்டார்.

"பாவி! மனுசன் சாவுறான், நீ கடல்ல ஊத்துறியே!" என்று மேஸ்திரி கத்தினார். மற்றவர்களும் முறைத்தார்கள். ஆனாலும் அடியாருக்கு வாக்கை விட மனம் வரவில்லை.

பிறகு மேஸ்திரிக்குக் காய்ச்சல் கண்டது. ஆத்தாள் பங்கு போக மிச்சத்தையெல்லாம் அடியார் அவர் வாயில்தான் விட்டார். போதவில்லை. மறுநாள் மேஸ்திரி உதடு வெடித்து, பேச்சற்றுக் கிடந்தார். குவளை கைக்கு வந்ததும் அடியார் தவித்த தவிப்பு கொஞ்சமா? முதல் கையைக் கடலுக்கு விட்டால் இந்த மனிதர் போய்விடுவார். இவருக்கு விட்டால் வாக்குப் போய்விடும்.

"ஆத்தா, பொறுத்துக்க!" என்று அழுதபடி, கடல்நீரில் நனைந்த கையில் அந்தத் தண்ணீரை ஏந்தி மேஸ்திரி வாயில் விட்டார்.

"உப்புக் கரிக்குதுடா..." என்று முனகிக் கண் திறந்தார் மேஸ்திரி. வேறொரு கப்பல் வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளும் வரை ஆத்தாள் பங்கும் அவருக்கே போயிற்று. மனிதர் பிழைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியும் அடியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எந்த முகத்தோடு ஆத்தாளைப் பார்ப்பது? கோயிலுக்குள் நுழையத் துணியாமல் வாசலிலேயே நின்றார். அவரைக் கண்டதும் பூசாரி ஓடி வந்தார்.

"எங்கேய்யா போயிருந்தே? ஆத்தா என் கனவுல வந்தா. 'நீ வச்ச பானகம் வேணாம், அய்யாவு நடுக்கடல்ல குடுத்தான், தாகம் அடங்கிடுச்சு'ங்கிறா. 'தண்ணிதான் கொஞ்சம் உப்புக் கரிச்சிது'ன்னும் சொன்னா. எனக்கு ஒண்ணும் விளங்கல!"

அடியார் அந்த வாசலிலேயே விழுந்தார். "ஐயோ ஆத்தா, நீயா குடிச்சே!" என்று விம்மி விம்மி அழுதார்.

கரி படிந்த அந்தக் கையிலிருந்துதான் ஆத்தாள் தாகம் தீர்ந்தாள். அந்தக் கையை நாமும் ஒரு தரம் கும்பிட்டுக்கொள்வோம்.