வாய் நிறையத் தண்ணீர்

ஒரு மாநிலத்தில் புதிதாக ஒரு விதி வந்தது. இனி யாரும் சித்தப்பாவிடமும் சிநேகிதனிடமும் மோட்டார் சைக்கிள் பழகிவிட்டு லைசென்ஸ் கேட்டுப் போய் நிற்க முடியாது. உரிமம் பெற்ற பள்ளியில், உரிமம் பெற்ற ஆசிரியரிடம் பழக வேண்டும். இவர் ரோட்டுக்குத் தகுதி என்று அந்த ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். மைதானம் எத்தனை அகலம், கூம்புக்கும் கூம்புக்கும் எவ்வளவு இடைவெளி, ஆசிரியர் போடுகிற மேல்சட்டை என்ன நிறம் என்பது வரை விதியில் இருந்தது. எழுதியவர்கள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நிதானமாகத்தான் யோசித்திருந்தார்கள்.

ஆசிரியர் ஆவதற்கும் விதி உண்டு. ஏற்கெனவே உரிமம் உள்ளவரிடம் ஒரு வருஷம் உதவியாளராக இருக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் மேற்கொண்டு எதுவும் நகரும்.

இஸ்ரவேலுக்கு அந்த ஒரு வருஷம் முடிந்திருந்தது. வாலிப வயதிலிருந்து லாரி ஓட்டியவர். இடுப்பு வலி வந்து இறங்கியபின் செண்பகவல்லியின் பள்ளியில் சேர்ந்தார். அவள் அவரைவிடப் பல வயது இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அவருடைய மருமகன் பொறுமையில்லாதவன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இடம் பிடித்து போர்டும் எழுதி மாட்டிவிட்டான். ‘இஸ்ரவேல் இரு சக்கர வாகனப் பயிற்சிப் பள்ளி.’ கீழே உரிம எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. காலம் முழுக்க யார் யார் பெயரோ எழுதிய லாரிகளை ஓட்டியவர் இஸ்ரவேல். தினமும் அந்தப் பக்கம் போய், யாரும் கவனிக்காதபோது, போர்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவார்.

அவர் பழக்குகிற முறை ஊருக்கே தெரியும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டி கூடவே ஓடுவார். “கிளட்ச மெதுவா விடு. கால ஊனாத. தூரப் பாரு. இப்ப திருப்பு. இப்ப பிரேக்கு” என்று வாய் ஓயாது. ஓட முடியாத இடத்தில் நின்றபடி கத்துவார். தரையில் போட்ட எட்டு வடிவக் கோட்டில் அவருடைய மாணவர்கள் போனால் கால் தரையில் பாவாது. டெஸ்ட் நாளில் வேலிக்கு வெளியே நிற்பார். அங்கிருந்தும் அந்தக் குரல் உள்ளே எட்டும். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்.

ஒருவரை டெஸ்டுக்கு அனுப்புமுன் செண்பகவல்லியிடம் வந்து, “அனுப்பலாமா டீச்சர்?” என்று கேட்பார். அவள் தலையை ஆட்டுவாள். ஒரு வருஷமாக இப்படித்தான் நடந்தது.

மாரிச்செல்வி அவருடைய கையில் பழகியவள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை எடுத்துக் காட்டுகிற வேலை. அவள் போட்ட எட்டைப் பார்த்து மற்ற பள்ளிக்காரர்கள் வயிறெரிந்தார்கள். லைசென்ஸ் வந்த மறுவாரம், மில் முக்கில் மினி பஸ்ஸில் போய் மோதினாள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்தார். மைதானத்தை அளந்தார். கூம்புகளுக்கு நடுவே அளந்தார். மேல்சட்டையின் நிறத்தைப் பார்த்தார். எல்லாம் விதிப்படி இருக்கிறது, பள்ளிமேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். கால் போனது யார் கணக்கிலும் சேரவில்லை.

இஸ்ரவேல் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவள் அவரைத் திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பஸ்ஸ நல்லாப் பாத்தேன் அண்ணாச்சி” என்றாள் மாரிச்செல்வி. “தூரத்துலயே பாத்துட்டேன். நீங்க பிரேக்குன்னு சொல்லுவியன்னு இருந்துட்டேன்.”

அவர் பையை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை. அன்றிரவு அவருக்கு இரண்டு பயம். ஒன்று அந்தப் பெண்ணின் முகம். இன்னொன்று, இது டீச்சர் காதுக்குப் போனால் கையெழுத்து போய்விடும் என்பது. எது பெரிய பயம் என்று யோசிக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

காலையில் டீச்சர் கையெழுத்துப் போட வேண்டிய தாளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். செண்பகவல்லி கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், வருஷம் முடிஞ்சிட்டு. ஒரு கையெழுத்து போட்டுத் தந்தியன்னா…”

“ஆஸ்பத்திரிக்குப் போனியளா அண்ணாச்சி?”

“போனேன்.”

“என்ன சொன்னா?”

“என்னத்தச் சொல்லுவா. வலிக்குதுன்னா.”

செண்பகவல்லி அடுத்த கூம்பை எடுத்து வைத்தாள். அவரே மேலும் பேசினார்.

“விதியில உள்ளது ஒண்ணு விடாம செஞ்சிருக்கேன் டீச்சர். அளந்து பாத்துட்டு அந்த ஆபீசரே சொல்லிட்டாரு. பெறவும் அந்தப் பிள்ளைக்கு இப்படி ஆயிட்டே. எங்கதான் தப்பு நடந்துச்சு?”

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“வாய் நிறைய ஊத்திக்கிடுங்க. முழுங்கக் கூடாது, துப்பவும் கூடாது. பாக்கியம் வந்திருக்கா. அவள ஓட்டச் சொல்லிட்டு இங்கனயே நில்லுங்க.”

பாக்கியம் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். இஸ்ரவேலிடம்தான் பழகிக்கொண்டிருந்தாள். எட்டு நன்றாக வந்துவிட்டது, நாளைக்கு டெஸ்டுக்கு அனுப்புவதாக இருந்தது.

அவர் வாயில் தண்ணீரோடு கையைக் காட்டினார். பாக்கியம் வண்டியை எடுத்தாள். முதல் வளைவில் தடுமாறி அவரைப் பார்த்தாள். அவர் தொண்டை வரை வந்த வார்த்தையைத் தண்ணீரோடு சேர்த்து அடக்கிக்கொண்டார். இரண்டாவது வளைவில் காலை ஊன்றினாள். மறுபடி அவரைப் பார்த்தாள். அவருக்கு நெற்றி வியர்த்தது. லாரியில் பிரேக் பிடிக்காமல் மலை இறங்கியபோதுகூட இப்படி வியர்த்ததில்லை.

எட்டை முடித்துவிட்டு வண்டி நேரே போனது. மைதானத்தின் கோடியில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பாக்கியம் டயரையும் பார்த்தாள், திரும்பி அவரையும் பார்த்தாள். கை பிரேக்குக்குப் போகவில்லை.

இஸ்ரவேல் தண்ணீரைத் துப்பிவிட்டுக் கத்தினார். “பிரேக்கு!”

வண்டி டயரைத் தொடாத குறையாக நின்றது.

அவர் மூச்சு வாங்க செண்பகவல்லியிடம் திரும்பினார். பயத்தின் நடுவிலும் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“பாத்தியளா டீச்சர்? நான் மட்டும் சத்தம் போடலைன்னா மோதியிருப்பா.”

“ஆமா” என்றாள் அவள். “மோதியிருப்பா.”

பிறகு பாக்கியத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள். “எக்கா, டயரு தூரத்துலயே தெரிஞ்சிச்சுல்லா? ஏன் பிடிக்கல?”

“தெரிஞ்சிச்சு டீச்சர்” என்றாள் பாக்கியம் வெள்ளந்தியாக. “அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலியே.”

இஸ்ரவேல் மேல்சட்டையின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார். துடைத்தபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாக்கியத்தை அனுப்பிவிட்டுச் செண்பகவல்லி சொன்னாள். “நேத்து நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நீங்க வச்சிட்டு வந்த சாத்துக்குடி அப்படியே இருந்துச்சு.”

அவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அவமானம் முற்றியபோது அது கோபமாக வெளியே வந்தது.

“ஒரு வருஷமா பாத்துக்கிட்டுத்தான இருந்திய? ஒரு நாளாவது வாய மூடுங்க அண்ணாச்சின்னு சொன்னியளா?”

“சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“எல்லாரும் பாஸ் ஆனாங்க. பள்ளிக்குப் பேரு வந்துச்சு. எனக்கும் சொகமாத்தான் இருந்துச்சு.” கூம்பு ஒன்றைக் காலால் நகர்த்தினாள். “அனுப்பலாமான்னு நீங்க வந்து கேப்பிய. அந்தப் பிள்ளைய ஏறிட்டுக்கூடப் பாக்காம தலைய ஆட்டினேன். ரோட்டுக்குத் தகுதின்னு அவ தாளுல கெடக்கது எங்கையெழுத்து.”

வேலிக்கு அப்பால் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இஸ்ரவேல் தலையைத் தூக்கவில்லை. இனி கையெழுத்தும் இல்லை, போர்டும் இல்லை என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார். அப்படியே ஆகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவள் முடியாது என்று சொல்லிவிட்டால் அதோடு போயிற்று.

செண்பகவல்லி கையை நீட்டினாள். “அந்தத் தாளக் கொடுங்க.”

அவர் கொடுத்தார். வண்டி சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். முத்திரையும் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“டீச்சர்?”

“விதிப்படி வருஷம் முடிஞ்சிருக்கு. உங்கமேல குத்தம் இல்லைன்னு ஆபீசரும் எழுதிட்டாரு. நான் போட்டுத்தான் ஆகணும்.”

சொல்லிவிட்டு அவள் கூம்புகளைப் பொறுக்கத் தொடங்கினாள். எதற்காக ஒரு வருஷம் காத்திருந்தாரோ அது இஸ்ரவேலின் கையில் இருந்தது. அதைப் பையில் வைக்கவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தன் பெயர் எழுதிய போர்டு நினைவுக்கு வந்தது. நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்ணின் கால் நினைவுக்கு வந்தது. வெயில் ஏறியது. அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“டீச்சர்” என்று கூப்பிட்டார் கடைசியில். “இத நான் ஆபீசுக்குக் கொண்டு போவட்டுமா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க.”

செண்பகவல்லி கையிலிருந்த கூம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“பஸ்ஸப் பாத்த பெறவு அவளும் இப்படித்தான் அண்ணாச்சி காத்துக்கிட்டிருந்தா.”